ப்ராக்ஸ்மாக்ஸ் எச்ஏ கிளஸ்டருக்கு எந்த ஸ்டோரேஜ்? நாஸ், ஐஸ்கஸி, செஃப், லின்ஸ்டோர், இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன்: ஓர் ஒப்பீடு

மூன்று சர்வர்களை, மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில் கிளஸ்டராகக் கோத்து, ஒரு சர்வர் விழுந்தால் அதன் விஎம்களை மற்றொன்றில் தானாக எழுப்பும் எச்ஏ (ஹை அவைலபிலிட்டி) வசதியை இயக்கி, எல்லா விஎம்களின் டிஸ்குகளையும் நெட்வொர்க் வழியே பகிரும் ஒரே நாஸ் பெட்டியில் வைத்தால் என்ன ஆகும்? ஒரு சர்வர் செத்தால் சமாளித்துவிடலாம். நாஸ் செத்தால் மூன்றும் சேர்ந்து நின்றுவிடும். இது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்த விஷயம்தான் பலரின் கண்ணில் படுவதில்லை: நாஸ் போன நேரத்தில் எச்ஏ மேனேஜர் எதையும் செய்யாது. நோட் (கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர்) உயிரோடு இருக்கிறதா, குவோரம் (பெரும்பான்மை நோட்களின் வாக்கு) இருக்கிறதா, விஎம்மின் ப்ராசஸ் ஓடுகிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. டிஸ்க் பதில் சொல்லாமல் விஎம் உறைந்து கிடந்தாலும் ப்ராசஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எச்ஏ பட்டியலில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும், பயனர்களோ போன் மேல் போன் போடுவார்கள்.

அதனால் எச்ஏ கிளஸ்டரின் உண்மையான தரத்தை ஸ்டோரேஜ்தான் முடிவு செய்கிறது. எதை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு நிர்வாகத்திடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். எத்தனை நிமிடம் நின்றால் தாங்கும்? எத்தனை நிமிட டேட்டா போனால் தாங்கும்? இரண்டாவது கேள்விக்கான பதில் "ஒரு விநாடியும் கூடாது" என்றால் பாதி வழிகள் அங்கேயே அடிபட்டுவிடும். முதல் கேள்விக்கு "பூஜ்யம்" என்று சொன்னால், எந்த ஸ்டோரேஜ் போட்டாலும் அது நடக்காது என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும். ஒரு நோட் திடீரென்று செத்தால், அதன் லாக் காலாவதியாகி இன்னொரு நோட் அந்த விஎம்மைக் கையில் எடுப்பதற்கே ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும். அதன் பிறகு விஎம் பூட் ஆகும் நேரம் வேறு.

கணக்கு வசதிக்காக இந்தக் கட்டுரையில் ஒரே அமைப்பை எடுத்துக்கொள்வோம்: 3 நோட், மொத்தம் 3 டிபி அளவுக்கு விஎம் டேட்டா, இரண்டு 10 ஜிபிபிஎஸ் ஸ்விட்ச். டிஸ்க் நோட்டுக்குள்ளேயே இருக்கும் வழிகளில், நோட்டுக்கு 4 எண்டர்பிரைஸ் எஸ்எஸ்டி, ஒவ்வொன்றும் 1.92 டிபி.

ஒற்றை நாஸ், என்எஃப்எஸ் வழியாக

நாஸின் ஃபோல்டரை என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் ஃபைல் பகிர்வு முறையில் நோட்களில் இணைப்பது இது. இதைவிட எளிய வழி கிடையாது. விஎம் டிஸ்குகளைக் க்யூகவ்2 ஃபைலாக வைத்தால் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நிலையின் பதிவு) கிடைக்கும், லைவ் மைக்ரேஷனில் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு நோட்டுக்கு நகர்த்துவது) ரேம் மட்டும் நகர்ந்தால் போதும், இடத்தைக் கூட்டுவதும் சுலபம். ஆனால் அமைக்கும்போது சில இடங்களில் கவனம் வேண்டும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் ரூட் பயனராகவே எழுதுகிறது. நாஸில் ரூட்-ஸ்குவாஷ் (ரூட்டை அதிகாரமற்ற பயனராக மாற்றும் அமைப்பு) போட்டிருந்தால் ஷேர் மவுண்ட் ஆகும், ஆனால் டிஸ்க் உருவாக்கும்போது பெர்மிஷன் பிழை வரும். ட்ரூநாஸில் மேப்ரூட் பயனரை ரூட் என்று வையுங்கள். சைனாலஜியில் ஸ்குவாஷ் அமைப்பை "மேப்பிங் இல்லை" என்று வையுங்கள். கூடவே அனுமதிப் பட்டியலில் மூன்று நோட்களின் ஸ்டோரேஜ் ஐபிக்கள் மட்டும் இருக்கட்டும். முழு சப்நெட்டையும் திறந்துவிட்டால், அந்த வழியில் யார் வந்தாலும் ரூட்தான்.

என்எஃப்எஸ் பதிப்பு 4.2-ஐ வெளிப்படையாகத் தேர்ந்தெடுங்கள். பதிப்பு 4-க்கு 2049 என்ற ஒரே போர்ட் போதும், ஃபயர்வால் விதி எளிதாகிறது. மவுண்ட் வகை எப்போதும் ஹார்டாகவே இருக்க வேண்டும். "நாஸ் போனால் நோட் தொங்குகிறது, சாஃப்ட் மவுண்ட் போடுங்கள்" என்ற ஆலோசனை அடிக்கடி கண்ணில் படும். அதைக் கேட்காதீர்கள். சாஃப்ட் மவுண்டில் டைம்அவுட் ஆனதும் எழுதிக்கொண்டிருந்த விஎம்முக்கு ஐ/ஓ பிழை திரும்பும். உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லிக்குப் போகும், டேட்டாபேஸ் பாதி எழுதிய நிலையில் நிற்கும். ஹார்டு மவுண்டில் விஎம் காத்திருக்கும். நாஸ் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். காத்திருக்கும் நேரத்தில் ப்ராக்ஸ்மாக்ஸ் இடைமுகத்தில் எல்லாம் சாம்பல் நிறக் கேள்விக்குறியாக மாறலாம். ஸ்டோரேஜ் நிலையைக் கேட்கப் போன சேவையும் அங்கேயே மாட்டிக்கொண்டதால் வருவது அது. அதைப் பார்த்துப் பதறி நோட்டை ரீபூட் செய்யாதீர்கள்.

வேகத்தைத் தீர்மானிப்பது சிங்க் எழுத்து. டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டிலும் "டிஸ்கில் இறங்கிவிட்டதா" என்று கேட்டு நிற்கும். நாஸின் எக்ஸ்போர்ட்டை ஏசிங்க் என்று மாற்றினாலோ, இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் சிங்க்கை அணைத்தாலோ வேகம் பல மடங்கு எகிறும். ஆனால் மின்சாரம் போகும் கணத்தில், இறங்கியதாகச் சொல்லப்பட்ட கடைசி சில விநாடி எழுத்துகள் டிஸ்கில் இருக்காது. இசட்எஃப்எஸ் வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறைதான் தொகுப்பாக டிஸ்கில் இறக்குகிறது. அந்த 5 விநாடியில் பில் போட்ட வாடிக்கையாளரின் பதிவு காணாமல் போகும். சரியான தீர்வு, பவர்-லாஸ் பாதுகாப்பு (மின்சாரம் போனாலும் எழுதி முடிக்க உதவும் கெப்பாசிட்டர்) உள்ள எஸ்எஸ்டி ஒன்றை, சிங்க் எழுத்துகளை முதலில் வாங்கி வைக்கும் எஸ்லாக் டிவைஸாகப் போடுவது. கொள்ளளவு பெரிதாக வேண்டாம்: 10 ஜிபிபிஎஸ் என்றால் விநாடிக்கு அதிகபட்சம் 1.25 ஜிபி, 5 விநாடிக்கு 6 ஜிபி சொச்சம், அதன் இரண்டு மூன்று மடங்கு இருந்தாலே தாராளம். பார்க்க வேண்டியது லேட்டன்சியும் (பதில் வர ஆகும் தாமதம்) கெப்பாசிட்டர் இருக்கிறதா என்பதும்தான்.

ஹார்ட் டிஸ்க் நாஸ் என்றால் ரெய்டு அமைப்பிலும் தவறு நடக்கிறது. 8 டிஸ்கை ஒரே ரெய்டுஇசட்2 (இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்) தொகுதியாகப் போட்டால் இடம் நிறையக் கிடைக்கும், ஆனால் ரேண்டம் எழுத்தில் அந்தத் தொகுதி கிட்டத்தட்ட ஒரு டிஸ்கின் வேகத்தையே தரும். அதே 8 டிஸ்கை 4 மிரர் ஜோடிகளாகப் போட்டால் ஏறத்தாழ நான்கு மடங்கு. விஎம்களுக்கு மிரர்தான். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்குகளை வாங்காதீர்கள். ரீபில்ட் நேரத்தில் அவை மூச்சுத் திணறி, நல்ல டிஸ்கையே செத்ததாக நினைத்து வெளியே தள்ள வைக்கும்.

ஒற்றை நாஸ் என்ற பலவீனத்தைப் போக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, சைனாலஜி ஹை அவைலபிலிட்டி போல ஒரே மாடல் பெட்டிகள் இரண்டை ஆக்டிவ்-பேசிவாக (ஒன்று வேலை செய்ய, மற்றது தயாராகக் காத்திருக்கும்) கோப்பது. மற்றது, இரட்டைக் கன்ட்ரோலர் உள்ள பெட்டியை வாங்குவது. முதல் வழியில் இரண்டு பிரதி டேட்டா, இரண்டு பவர் சப்ளை, இரண்டு மதர்போர்டு, ஆனால் விலை இருமடங்கு. இரண்டாவதில் கன்ட்ரோலர் மட்டுமே இரண்டு. டிஸ்க் ஒரே தொகுதி. எதுவானாலும் மாறும் நேரத்தில் எழுத்து சிறிது நேரம் நிற்கும். என்எஃப்எஸ் பதிப்பு 4-இல் லாக்குகளை மீட்கக் கொடுக்கும் அவகாசம் லினக்ஸ் சர்வர்களில் வழக்கமாக 90 விநாடி. லினக்ஸ் விஎம்மின் கர்னல் 120 விநாடிக்குப் பிறகுதான் ப்ராசஸ் தொங்குவதாகப் பதிவில் எழுதத் தொடங்கும். அதற்குள் மாறிவிட்டால் பெரும்பாலும் எல்லாமே தாங்கிக்கொள்ளும்.

ஐஸ்கஸி: ஏற்கெனவே சான் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு

2023 நவம்பரில் பிராட்காம், இதே வகை மென்பொருள் விற்கும் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியது. அதற்குப் பிறகு ப்ராக்ஸ்மாக்ஸுக்கு வந்தவர்களில் பலரிடம் நல்ல இரட்டைக் கன்ட்ரோலர் சான் பெட்டி (நெட்வொர்க் வழியே டிஸ்கையே வழங்கும் ஸ்டோரேஜ்) இருக்கிறது. டிஸ்கை நெட்வொர்க் வழியே நோட்டுக்குக் காட்டும் ஐஸ்கஸி முறையில் அதை இணைக்கலாம், தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். விஎம்வேரில் விஎம்எஃப்எஸ் என்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் இருந்தது. பல ஹோஸ்ட்கள் ஒரே லன்னில் (சான் தரும் ஒரு டிஸ்க் பகுதி) எழுதினாலும் அது பார்த்துக்கொண்டது. ப்ராக்ஸ்மாக்ஸில் அதற்கு இணையான ஒன்று உள்ளமைவாக இல்லை. லன்னின் மேல் சாதாரண எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் பிரிப்பு முறை) போட்டு, "ஷேர்டு" என்று குறித்துப் பயன்படுத்த வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8 வரை அதில் ஸ்னாப்ஷாட் கிடையாது. 2025-இல் வந்த பதிப்பு 9-இல் சோதனை நிலை வசதியாக வந்திருக்கிறது. சோதனை நிலை என்பதைச் சோதனை நிலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்னாப்ஷாட் வேண்டுமே என்று அதே லன்னில் எல்விஎம்-தின் (இடத்தைத் தேவைக்கேற்ப ஒதுக்கும் வகை) போட்டு மூன்று நோட்டிலும் இணைப்பது டேட்டாவை அழிக்கும் வேலை. தின் பூலின் மெட்டாடேட்டாவை ஒரு நேரத்தில் ஒரு நோட்தான் கையாள முடியும். இரண்டு நோட் எழுதினால் பூல் முழுவதும் சிதையும். லன்னை எக்ஸ்ட்4-ஆக ஃபார்மேட் செய்து இரண்டு நோட்டில் மவுண்ட் செய்தாலும் அதே கதிதான்.

வயரிங்: ஐஸ்கஸிக்கு இரண்டு போர்ட்டை பாண்டிங் (ஒன்றாக இணைப்பது) செய்யாமல், இரண்டு தனி சப்நெட்டாக, இரண்டு தனி ஸ்விட்ச் வழியாகக் கொண்டுபோய் மல்டிபாத் (ஒரே டிஸ்குக்குப் பல பாதை) போடுவதே முறை. கன்ட்ரோலர் ஏ-வின் ஒரு போர்ட் முதல் ஸ்விட்சுக்கும் மற்றொன்று இரண்டாவது ஸ்விட்சுக்கும் போகட்டும், பி-யும் அப்படியே. நோட்டுக்கு 4 பாதை வரும். மல்டிபாத் இருக்கும்போது ஐஸ்கஸியின் ரிப்ளேஸ்மென்ட் டைம்அவுட்டை (அறுந்த இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரம்), வழக்கமான 120 விநாடியிலிருந்து 15-க்குக் குறையுங்கள். இல்லையென்றால் ஒரு கேபிள் அறுந்தால் இரண்டு நிமிடம் எல்லாம் உறையும். எல்விஎம்மை, எல்லாப் பாதையையும் ஒன்றாகக் காட்டும் மேப்பர் டிவைஸின் மேல் உருவாக்குங்கள், தனித்தனிப் பாதையாகத் தெரியும் டிஸ்கின் மேல் வேண்டாம். நோட்களை ஒரே இமேஜிலிருந்து குளோன் செய்திருந்தால் மூன்றுக்கும் ஒரே இனிஷியேட்டர் பெயர் (ஐஸ்கஸியில் நோட்டின் அடையாளம்) இருக்கும். ஒன்று இணைந்தால் மற்றொன்று துண்டிக்கப்படும். ஏன் என்று தெரியாமல் நாள் முழுக்கத் தேட வைக்கும் பிழை இது, முதலிலேயே பெயரைப் பாருங்கள்.

செஃப்

எல்லா நோட்களின் டிஸ்குகளையும் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக்கும் மென்பொருள் இது. டிஸ்க்குகள் நோட்டுக்குள்ளேயே இருக்கும், டேட்டா மூன்று பிரதியாகப் பரவும், தனி நாஸ் தேவையில்லை. ஒரு நோட் முழுதாகப் போனாலும் மற்ற இரண்டிலிருந்து படிக்கலாம், எழுதலாம். டேட்டா இழப்பு பூஜ்யம். படிக்கும்போது இதைவிட அழகான தீர்வு இல்லை என்று தோன்றும். உண்மையிலேயே நல்ல தீர்வுதான், அதற்குரிய வன்பொருளைக் கொடுத்தால்.

நம் கணக்கில் மொத்த இடம் 12 × 1.92 = 23.04 டிபி. மூன்று பிரதி என்பதால் 7.68 டிபி. செஃப் 85 சதவீதத்தில் நிரம்பப்போவதாக எச்சரிக்கும், 95-இல் எழுத்தையே நிறுத்திவிடும். எனவே 6.5 டிபி வரை போகலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். மூன்றே நோட் உள்ள கிளஸ்டரில் அது தவறு. ஒரு நோட்டில் ஒரு எஸ்எஸ்டி செத்தால், அதன் பிரதிகள் அதே நோட்டின் மற்ற மூன்று எஸ்எஸ்டிகளில்தான் இறங்கியாக வேண்டும். மற்ற இரண்டு நோட்டிலும் ஏற்கெனவே ஒவ்வொரு பிரதி இருக்கிறது. நான்கு டிஸ்கின் சுமை மூன்றுக்குப் போகிறது. அப்போதும் 85-ஐத் தாண்டாமல் இருக்க, இப்போது 64 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதாவது 4.9 டிபி. நோட்டுக்கு இரண்டே டிஸ்க் என்றால் அந்த எல்லை 42 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஆகவே சில பெரிய டிஸ்குகளைவிடப் பல சிறிய டிஸ்குகள் மேல். செத்த டிஸ்கை கிளஸ்டரிலிருந்து விலக்கிப் பிரதியெடுக்கத் தொடங்க செஃப் வழக்கமாக 10 நிமிடம் காத்திருக்கும். பராமரிப்புக்காக நோட்டை அணைக்கும்போது நோஅவுட் கொடியைப் போட்டுக்கொண்டால் அந்த வீண் நகர்வு நடக்காது.

மூன்று நோட்டில் இன்னொரு வரம்பும் உண்டு. ஒரு நோட் போனால், நான்காவது நோட் இல்லாததால் மூன்றாவது பிரதியை எங்கும் எழுத முடியாது. அந்த நிலையில் மற்ற நோட்டில் ஒரு டிஸ்க் செத்தால், அதிலிருந்த டேட்டாவுக்கு ஒரே பிரதி மிஞ்சும். மின்-சைஸ் (இயங்கக் குறைந்தபட்சம் தேவைப்படும் பிரதி எண்ணிக்கை) 2 என்பதால் அந்தப் பகுதியில் படிப்பதும் எழுதுவதும் நிற்கும். அந்த நெருக்கடியில் மின்-சைஸை 1 ஆக்கிவிடச் சொல்லும் யோசனை எங்கிருந்தாவது வரும். மிஞ்சிய அந்த ஒரு டிஸ்கும் போனால் திரும்ப எடுக்க எதுவுமே இருக்காது. நான்கு நோட் இருந்தால் இந்தக் கவலை வெகுவாகக் குறைகிறது. செஃப்பை முடிவு செய்பவர்கள் நான்காவது நோட்டுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுவது நல்லது.

சாதாரண டெஸ்க்டாப் எஸ்எஸ்டி செஃப்புக்கு உதவாது. பவர்-லாஸ் கெப்பாசிட்டர் இல்லாத டிஸ்க், ஒவ்வொரு சிங்க் எழுத்துக்கும் உள்ளே ஃபிளாஷில் இறக்கிவிட்டுத்தான் பதில் சொல்லும். பெட்டியில் லட்சக்கணக்கில் ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை படிப்பு-எழுத்து) போட்டிருக்கும். செஃப்பில் சில நூறுக்கு விழுந்துவிடும். ரெய்டு கார்டும் வேண்டாம், டிஸ்கை நேரடியாகக் காட்டும் எச்பிஏ போதும். ரேமில் ஓஎஸ்டிக்கு (டிஸ்குக்கு ஒன்றாக ஓடும் செஃப் சேவை) 4 ஜிபி என்று வைத்தால் நோட்டுக்கு 16 ஜிபி. செஃப்பின் மானிட்டர், மேனேஜர் சேவைகள், மீட்பு நேரக் கூடுதல் எல்லாம் சேர்த்து 24 ஜிபியை விஎம்களுக்குக் கொடுக்காமல் ஒதுக்குங்கள். நோட்களின் கடிகாரம் 0.05 விநாடிக்கு மேல் விலகினாலே மானிட்டர் புகார் செய்யும், நேரத்தை ஒத்திசைக்கும் க்ரோனியைச் சரியாக அமையுங்கள்.

நெட்வொர்க் 10 ஜிபிபிஎஸ் குறைந்தபட்சம், வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் 25. மூன்றே நோட் என்றால் ஸ்விட்சே இல்லாமல் செய்யலாம்: நோட்டுக்கு இரண்டு போர்ட், ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே நேரடிக் கேபிள், மொத்தம் மூன்று கேபிள். ஸ்விட்ச் விலையை மிச்சப்படுத்தி அந்தப் பணத்தில் 25 ஜிபிபிஎஸ் கார்டு வாங்கலாம். மூன்று நோட் செஃப்புக்கு மிகப் பொருத்தமான செலவு இது. ஆனால் நான்காவது நோட் வரும் நாளில் ஸ்விட்ச் வாங்கியாக வேண்டும்.

லின்ஸ்டோர், டிஆர்பிடி

டிஆர்பிடி என்பது டிஸ்கை நெட்வொர்க் வழியே பிரதியெடுக்கும் கர்னல் மாட்யூல், லின்ஸ்டோர் அதை நிர்வகிக்கும் மென்பொருள். ஒவ்வொரு விஎம் டிஸ்குக்கும் இரண்டு நோட்டில் முழுப் பிரதி, மூன்றாவது நோட் அந்த டிஸ்குக்கு வாக்கு மட்டும் போடும். நம் கணக்கில் 23.04 டிபியில் பாதி, 11.5 டிபி வரை கிடைக்கும். உள்ளூர் டிஸ்கிலிருந்தே படிப்பதால் வேகம் நல்லது, எழுதும்போது ஒரே ஒரு நெட்வொர்க் பயணம்தான். செஃப்பைவிட லேட்டன்சி குறைவு, ரேமும் குறைவு. டேட்டாபேஸ் சுமை அதிகமுள்ள சிறு கிளஸ்டருக்கு இதைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும்.

தொந்தரவு கர்னல் மாட்யூலில் இருக்கிறது. லினக்ஸ் கர்னலோடு வருவது டிஆர்பிடியின் பழைய 8.4 வரிசை, நமக்கு வேண்டியது 9. ஒவ்வொரு ப்ராக்ஸ்மாக்ஸ் கர்னல் அப்டேட்டிலும் அது மறுபடி கம்பைல் ஆக வேண்டும். கர்னல் ஹெடர் பேக்கேஜ் இல்லையென்றால் ரீபூட்டுக்குப் பின் சரியான மாட்யூல் ஏறாது. அப்டேட் செய்யும்போது நோட் ஒவ்வொன்றாக, ரீபூட்டுக்கு முன்பே மாட்யூல் பதிப்பைப் பார்த்துவிட்டு நகருங்கள். இரண்டே நோட், வாக்குக்கு மூன்றாவது ஆள் இல்லை என்ற அமைப்பைத் தொடாதீர்கள். இணைப்பு அறுந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதி ஸ்ப்ளிட்-பிரெயின் ஆகும், எந்தப் பக்கத்து டேட்டாவைத் தூக்கி எறிவது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன்

ஷேர்டு ஸ்டோரேஜே இல்லை. ஒவ்வொரு நோட்டிலும் அதே பெயரில் இசட்எஃப்எஸ் பூல். ப்ராக்ஸ்மாக்ஸ் குறித்த இடைவெளியில் மாறிய பிளாக்குகளை மட்டும் மற்ற நோட்டுக்கு அனுப்பும். வழக்கமான இடைவெளி 15 நிமிடம், 1 நிமிடம் வரை குறைக்கலாம். நோட் செத்தால் கடைசிப் பிரதிக்குப் பிறகு எழுதியது போய்விடும். அதுதான் இதன் பெரிய குறை. கோப்பு சர்வர், உள் இணையதளம், பிரிண்ட் சர்வர், கண்காணிப்பு சேவை போன்றவற்றுக்கு அந்த 1 நிமிடம் பெரும்பாலும் ஒரு பொருட்டே இல்லை. ஜிகாபிட் நெட்வொர்க்கிலும் இது ஓடும், பழுது வந்தால் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

ஒரே ஒரு பொறி: விஎம்மின் பிரதி இரண்டாவது நோட்டில் மட்டும் இருக்க, எச்ஏ அதை மூன்றாவது நோட்டில் எழுப்ப முயன்றால் டிஸ்க் இல்லாமல் நிற்கும். இரண்டு நோட்டுக்கும் பிரதி அனுப்புங்கள், அல்லது எச்ஏ விதியில் அந்த விஎம்மைப் பிரதி உள்ள நோட்களுக்குள் கட்டிவிடுங்கள். நோட்டுக்குள் மிரர் போட்டு மூன்று நோட்டிலும் பிரதி வைத்தால் மொத்தம் 3.84 டிபி கிடைக்கும். 80 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பதால் நம் 3 டிபி விளிம்பில்தான் உட்காரும். ஸ்னாப்ஷாட்டுக்கும் இடம் வேண்டுமே, பெரிய டிஸ்க் வாங்குவது நல்லது.

ஒரு நிமிடமும் போகக்கூடாத டேட்டாபேஸ் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால், அவற்றுக்காக முழு ஸ்டோரேஜையும் மாற்ற வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸின் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனை சிங்க்ரனஸாக வைத்தோ, மரியாடிபியின் கேலராவைக் கொண்டோ அந்த அடுக்கிலேயே பாதுகாக்கலாம். விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலர் தன் பிரதியைத் தானே பார்த்துக்கொள்ளும். அதை இரண்டு விஎம்மாக இரண்டு நோட்டில் வைத்தால் போதும்.

எந்த வழிக்கும் பொதுவான நெட்வொர்க் விஷயம்

நோட்கள் ஒன்றையொன்று கண்காணிக்கப் பயன்படும் கோரோசிங்க் செய்திகளுக்குத் தனி ஸ்விட்ச் போர்ட், தனிக் கேபிள் வேண்டும். ஜிகாபிட் போதும், லேட்டன்சிதான் முக்கியம். 5 மில்லிவிநாடிக்குள் இருக்கட்டும். ஸ்டோரேஜும் கோரோசிங்கும் ஒரே கம்பியில் போனால், இரவு பேக்கப் ஓடும்போது கோரோசிங்க் பாக்கெட் தாமதமாகும், நோட்கள் குவோரம் இழக்கும், வாட்ச்டாக் என்ற காவல் டைமர் 60 விநாடியில் அவற்றை ரீபூட் செய்யும். மூன்று நோட்டும் ஒரே நேரத்தில் ரீபூட் ஆன கிளஸ்டர் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஸ்டோரேஜ் வலையை இரண்டாவது, உதவி லிங்க்காக மட்டும் சேர்க்கலாம்.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 போட்டால் நோட், ஸ்விட்ச், நாஸ் மூன்றிலும் போட வேண்டும். துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். ஒரு போர்ட் 1500-இல் நின்றுவிட்டால் சாதாரண பிங் போகும், ஷேரும் மவுண்ட் ஆகும், பெரிய ஃபைல் மட்டும் அப்படியே தொங்கும்.

எதை எடுப்பது

10 ஜிபிபிஎஸ் இல்லாத இடத்தில் செஃப் வேண்டாம். இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷனோடு நில்லுங்கள். மூன்று நோட், சிறிய குழு, 1 நிமிட இழப்பு தாங்கும் என்றாலும் அதே பதில்தான். எங்கள் பார்வையில் சிறிய அலுவலகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே சரியான தொடக்கம். இழப்பே கூடாது, மூன்று நோட்தான் என்றால் லின்ஸ்டோர். நான்கு நோட்டுக்கு மேல் போகும் திட்டமும், எண்டர்பிரைஸ் எஸ்எஸ்டிக்கும் 25 ஜிபிபிஎஸ்ஸுக்கும் பணமும் இருந்தால் செஃப். நல்ல சான் பெட்டியும் அதற்கு உயிரோடு இருக்கும் சப்போர்ட் ஒப்பந்தமும் கையில் இருந்தால் ஐஸ்கஸி. ஒற்றை நாஸ் போடுபவர்கள், நாஸ் செத்தால் வேறு இடத்தில் மீட்டெடுக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை ஒருமுறை உண்மையாகவே மீட்டுப் பார்த்து எழுதி வைத்துவிட்டுப் போடட்டும். பேக்கப் அந்த நாஸிலேயே இருக்கக் கூடாது. ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரைத் தனிப் பெட்டியில் வையுங்கள். ரெப்ளிகேஷன் இருந்தாலும் இது வேண்டும்: தவறுதலாக அழித்ததும், ரேன்சம்வேர் பூட்டியதும் சில நிமிடத்தில் எல்லாப் பிரதிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

உற்பத்திக்கு விடும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்: ஓடும் நோட்டின் பவர் கேபிளைப் பிடுங்கி, விஎம் எழ எத்தனை விநாடி என்று குறியுங்கள். ஸ்டோரேஜ் கேபிளை 3 நிமிடம் கழற்றி வைத்துத் திரும்பப் போட்டு, டேட்டாபேஸின் பதிவைப் படியுங்கள். ஒரு ஸ்விட்சை முழுவதும் அணையுங்கள். ஒரு டிஸ்கைக் கழற்றி, மீட்பு ஓடும்போது விஎம்களின் வேகம் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். கடைசியாக யுபிஎஸ்ஸின் உள்ளீட்டை நிறுத்தி, வரிசை சரியாக நடக்கிறதா என்று கவனியுங்கள்: முதலில் விஎம்கள், பிறகு நோட்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் நாஸ். மின்சாரம் திரும்பும்போது ஸ்விட்ச், நாஸ், அதன் பிறகே நோட்கள். நாஸ் தயாராகும் முன் நோட்கள் எழுந்துவிட்டால் தானாகத் தொடங்க வேண்டிய விஎம்கள் டிஸ்கைக் காணாமல் பிழையில் நிற்கும். எச்ஏ-வில் சேர்க்காத விஎம்களுக்கு, நோட் அமைப்பில் விஎம் தொடக்கத் தாமதத்தை, நாஸ் பூட் ஆக உங்கள் இடத்தில் ஆன நேரத்தைவிட ஒரு நிமிடம் கூட்டியே வையுங்கள்.